மூன்று நாட்டுக்கும் ஒரே சனிக்கிழமை

அரை மணி நேரத்துக்குள் மூன்று நாடுகளை நூறு தடவை சுற்றி வந்தவள் நான். நூறு என்பதில் என் கை கொஞ்சம் தாராளம். தலை சுற்ற ஆரம்பித்ததும் எண்ணுவதை விட்டுவிட்டேன், அதனால் பெரிய எண்ணாகவே சொல்லிப் பழகிவிட்டது. என்னை அப்படிச் சுற்றவிட்டவள் சைமி. இது அவள் கதை.

ஃபின்லாந்தின் வடகோடிக் கிராமமான கில்பிஸ்யார்வியில் மலையேறுகிறவர்கள் தங்கும் விடுதிக்கு சைமிதான் சமையல்காரி. கோடை விடுமுறையில் பள்ளிக்கூடத்தைப் பூட்டியதும் நான் அவளிடம் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். கலைமான் கறியைக் கிளறுகிற கையாலேயே அவள் சிற்றலை வானொலியின் குமிழையும் திருகுவாள். தூரதேசத்து நிலையம் ஏதாவது மாட்டினால், எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று ஐந்துக்கு மதிப்பெண் போட்டு, நிஜமாகவே கேட்டதற்குச் சாட்சியாக அதில் பேசியதையும் கொஞ்சம் எழுதி அந்த நிலையத்துக்கே அனுப்புவாள். பதிலுக்கு அவர்கள் படம் போட்ட அட்டை ஒன்று அனுப்புவார்கள். இந்தப் பைத்தியம் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு உண்டு. சைமியிடம் கூடுதலாக ஒரு பிடிவாதமும் இருந்தது. தன் காதில் விழாத எதற்கும் அவள் அரை மதிப்பெண்கூடப் போடமாட்டாள். அவளுடைய அக்காள் தேவாலயக் குழுவோடு வானொலியில் பாடியபோது, இரைச்சல் அதிகம் என்று எழுதி இரண்டுதான் போட்டாள். இரைச்சல் என்றது தன் குரலைத்தான் என்று முடிவுகட்டி, அக்காள் அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு வரவில்லை.

அவள் உயிரையே வைத்திருந்தது எல்மாவின் நிகழ்ச்சி மேல். அர்ஜென்டினாவின் செம்மண் காட்டில் போய்க் குடியேறிய எங்கள் ஆட்களில் ஒருத்தி எல்மா. சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் அங்கிருந்து எங்கள் மொழியில் பேசுவாள். கம்பு ரொட்டிக்குக் கரைத்து வைத்த புளித்த மாவு, வெயிலில் பொங்கி வழிந்து வாசல்வரை நடந்து போனதைச் சொல்வாள். நீராவிக் குளியலறையின் மேல் பலகையில் ஒரு பாம்பு வந்து படுத்துக்கொண்டதையும், அதைக் கொஞ்சம் நகரச் சொல்ல வீட்டில் யாருக்கும் துணிச்சல் வராததையும் சொல்வாள். அந்த அரை மணி நேரம் எங்கள் விடுதியில் சாப்பாடு கிடையாது. அடுப்பில் இருப்பது தீய்ந்தால் தீய்ந்ததுதான்.

ஒரு சனிக்கிழமை எல்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்:

"எங்க மானேஜர் என்ன சொல்றாரு தெரியுமா? வடக்க யாரு கேக்குறா, கரண்டுதான் வீணாப் போகுதாம். அடுத்த வாரம் ஃபின்லாந்து, ஸ்வீடன், நார்வே, மூணு நாட்டுலயும் நாங்க மூணு மார்க்காவது வாங்கணுமாம். இல்லன்னா இதே நேரத்துல மாட்டுச் சந்தை நிலவரம் வாசிப்பாங்க."

சைமி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஸ்வீடன்லயும் நார்வேலயும் நம்ம பேச்சு தெரிஞ்ச ஆளுங்க ஏராளம். சொல்லிவிட்டா எழுதிப் போடுவாங்க," என்றேன்.

"அவங்க காதை நான் எப்படிடி நம்புறது? நானே போய்க் கேக்குறேன்."

"ஒரே அரை மணி நேரத்துல மூணு நாட்டுக்கா? உனக்கென்ன றெக்கையா இருக்கு?"

"மஞ்சக் கூம்பு இருக்குல்ல," என்றாள்.

மூன்று எல்லைகளும் ஒரு சின்ன ஏரிக்குள் சந்திக்கின்றன. அந்த இடத்தில் மஞ்சள் பூசிய பெரிய கான்கிரீட் கூம்பு ஒன்று நிற்கிறது. அதைச் சுற்றிலும் மரப்பலகை நடைபாதை. ஒரு சுற்று நடந்தால் மூன்று நாட்டுக்கும் போய்வந்த கணக்கு.

சனிக்கிழமை எங்கள் ஊர்ப் பெரிய ஏரியைப் படகில் கடந்து, கொசுவலைத் தொப்பியோடு கல்லும் சேறும் மிதித்துப் போய்ச் சேர்ந்தோம். சைமி கையில் டிரான்சிஸ்டர், என் தோளில் ஏரியல் கம்பிச் சுருள். கம்பியின் ஒரு முனையைக் கரையோரம் இருந்த குட்டைப் பிர்ச் மரத்தில் கட்டி, மறு முனையை வானொலியில் செருகினோம். ஏற்கெனவே அங்கே இரண்டு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஸ்வீடன்காரன் தூரே, அலுவலகத்துக் கழுத்துப்பட்டியை அன்றைக்குத்தான் கழற்றியவன் போல வெளுப்பாக இருந்தான். இன்னொருவர் ஒட்வார், நார்வேயில் மீன் பிடிக்கிறவர். சைமி தன் மொழியைத் தவிர வேறு பேசமாட்டாள். விஷயத்தை நான்தான் பள்ளிக்கூடத்து ஸ்வீடிஷில் எடுத்துச் சொன்னேன். காப்பியை வைத்துவிட்டு இரண்டு பேரும் கூடவே எழுந்து வந்துவிட்டார்கள்.

எல்மா வந்தாள். ஃபின்லாந்தில் கண்ணாடி மாதிரி கேட்டது. "நாலு," என்றாள் சைமி. நார்வேக்குப் போனோம். அங்கேயும் நாலு. ஸ்வீடன் பக்கம் திரும்பியதும் கம்பி கூம்பில் உரசி, தொய்ந்து, தண்ணீருக்குள் விழுந்தது. வானொலியில் வெறும் விசில்தான் வந்தது.

"ஒண்ணு," என்றாள் சைமி.

ஒட்வாருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "ஸ்வீடனுக்குக் காது மந்தம்னு எங்க அப்பா அப்பவே சொன்னாரு."

"எங்க நாட்டுல ஒண்ணும் கோளாறு இல்ல. உங்க கம்பிதான் கட்டை," என்றான் தூரே. பிறகு சைமியிடம் குரலை இறக்கினான். "மூணுன்னு போட்டுடுங்களேன். யாரு பாக்கப் போறா?"

நான் மொழிபெயர்த்தேன். சைமி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "நான் பாப்பேன்ல," என்றாள்.

மறுபடியும் சுற்றினோம். முன்னால் சைமி, பின்னால் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான், எனக்குப் பின்னால் தங்கள் தங்கள் தேசத்துக்கு மார்க் கேட்டுக்கொண்டு இரண்டு ஆண்கள். அந்த நேரம் பார்த்து எல்மா, தன் வீட்டுக்காரர் பனைமரத்தில் பனிச்சறுக்குக் கட்டை செதுக்கி மழைநாளில் செம்மண் சரிவில் இறங்கிய கதையை ஆரம்பித்தாள். ஃபின்லாந்தில் அவர் கிளம்பினார். நார்வேயில் ஒரு பசுவைத் தாண்டினார். ஸ்வீடனில் அவருக்கு என்ன ஆனதென்றே தெரியவில்லை, விசில்தான். அடுத்த சுற்றில் நார்வேக்கு வந்தபோது பாதிரியாரின் கோழிக்கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். கேட்டதைச் சொல்லிக்கொண்டே நடந்ததில் எனக்கு மூச்சு வாங்கியது. ஒட்வார் சிரித்த சிரிப்பில் நடைபாதைப் பலகை ஆடியது. சைமி மட்டும் சிரிக்கவில்லை. நிகழ்ச்சி முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"ஸ்வீடன் ஒண்ணுலயே நின்னா, அடுத்த வாரம் மாடுதாண்டி," என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தூரேவுக்கு இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவனுக்கு அது தேவைப்படவும் இல்லை. பூட்ஸைக் கழற்றி வைத்தான். தண்ணீரில் கிடந்த கம்பியின் நடுப்பகுதியை ஊன்றுகோலில் மாட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினான். முந்தின வாரம்வரை பனிக்கட்டி மிதந்த தண்ணீர். கழுத்தளவு ஆழத்தில் நின்று கோலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.

ஸ்வீடனில் எல்மா வந்தாள். கோழிகளுக்கு நஷ்ட ஈடாகத் தன் வீட்டுக்காரர் பாதிரியாருக்கும் ஒரு ஜோடி கட்டை செதுக்க வேண்டி வந்தது என்றாள். இப்போது சைமியும் பலகையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நாலு," என்றாள்.

"அஞ்சு கிடையாதா?" என்று தூரே தண்ணீரிலிருந்து கேட்டான்.

"நடுவுல உன் பல்லு அடிச்சுக்கிற சத்தம் கேக்குது. நாலுதான்."

அறிக்கை போய்ச் சேர்ந்தது. சில வாரம் கழித்து எல்மா வானொலியில் அறிவித்தாள்: மூன்று நாட்டில் மூன்று கிளை வைத்து, ஒரே நேரத்தில் ஆள் போட்டுக் கேட்கிற சைமி அம்மையாரின் நிறுவனத்தைப் பார்த்து மானேஜர் மிரண்டே போய்விட்டாராம். நிகழ்ச்சி நிற்காது. மாட்டுச் சந்தை விடியற்காலைக்குப் போகிறது.

சைமி கலங்கிப்போனாள். "கிளைன்னு நான் எழுதவே இல்லையேடி. திருத்தி எழுதிடவா?"

"நீ கேட்டது பொய்யா?"

"இல்ல."

"மூணு நாட்டுலயும் நின்னது பொய்யா?"

"இல்ல."

"அப்ப கறியைக் கிளறு. அடி பிடிக்குது."

அன்று முதல் தூரேவும் ஒவ்வொரு கோடைக்கும் இங்கே வந்துவிடுகிறான். இந்தக் கதையை நான் வாசித்துக் காட்டும்போதும் எதிரில்தான் உட்கார்ந்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி காப்பிக்குள் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தான். சைமி உள்ளே அடுப்படியில் இருந்தாள். அவன் ஒரு தடவை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கமாகச் சாய்ந்தான்.

"கழுத்தளவெல்லாம் இல்ல, முழங்கால்தான். ஸ்வீடன் பக்கம் ஆழமா இருக்கும்னு பயந்து நான் நார்வேல நின்னுதான் கம்பியைப் பிடிச்சேன். அவ காதுல போட்டுடாத, நாலை ஒண்ணாக்கிடுவா."