பென்குயின் தீவுக்குப் போகவிருந்த கடுகு

நவம்பர் 8, காலை 7:10. ஈரத் துணியில் வைத்த பத்துக் கடுகில் ஏழு முளைத்துவிட்டன.

அடுத்த வாரம் அண்டார்டிகா அருகே ஒரு பென்குயின் தீவுக்குக் கப்பலில் போகிறேன். வெளியிலிருந்து ஒரு விதைகூட அங்கே போய் விழக்கூடாது. என் பையில் விதை எதுவும் இல்லை என்று போன வாரமே ஆன்லைனில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதே பையில்தான் இங்கே ஜெர்மனியில் தமிழ்க் கடையிலிருந்து மளிகை தூக்கி வருவேன். எப்போதோ கடுகுப் பாக்கெட் கிழிந்திருக்கிறது. மூன்று நாள் முன்பு பையின் தையலுக்குள்ளிருந்து எடுத்தவைதான் இந்தப் பத்து.

அறைத்தோழன் செந்தில் சிரித்தான். "டேய், அந்தக் குளிர்ல கடுகு முளைக்குமாடா?"

"முளைக்காதுன்னு நீ கையெழுத்துப் போடுறியா?"

"நான் எதுக்குடா போடணும்? பேசாம கிளம்பு. நீ சொன்னேன்னா உன்னைத் தீவுல இறக்கவே மாட்டாங்க."

எனக்கும் அதுதான் பயம். இரண்டு வருடம் காத்திருந்த பயணம்.

இனி செய்யப்போவது:

1. அந்தப் பை வீட்டிலேயே இருக்கும்.
2. பூட்ஸ், ஜாக்கெட் பாக்கெட், வெல்க்ரோ எல்லாவற்றையும் ஊசியால் கிளறி, வாக்குவம் போடுவேன்.
3. என் கையெழுத்து தவறு என்று கப்பல்காரர்களுக்கு இன்றே மெயில்.
4. இறங்க விட்டால், மளிகையே தூக்காத வேறு பை இரவல் வேண்டும். நம்ம கார்ல்ஸ்ரூஹே ஊரில் சமைக்கவே தெரியாதவர்கள் வெட்கப்படாமல் கமெண்ட்டில் வரவும்.