மருமகன் மேல் ஓங்கிய கை

என் மருமகன் ரவி, என் மகள் எஸ்தரின் வலது கையை அம்மிக் குழவியால் அடித்து உடைத்தான். குழம்பில் உப்பு கூடிப் போனதாம். போன தவக்காலத்தில் நடந்தது இது. அவன் ஊரான தவளக்குப்பத்திலிருந்து மாவுக்கட்டோடு, சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து நின்றாள். உதடு கிழிந்திருந்தது. முன்பல் ஒன்று இல்லை. பெற்றவளுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு எழுபது வயது. முப்பது வருடமாக மார்க்கெட்டில் மீன் நறுக்கி விற்கிறேன். யாருக்கும் தலை குனிந்தது கிடையாது. இரட்சிக்கப்பட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சபையில் உட்கார விரிக்கும் முதல் பாய் என்னுடையது. ஜெபிக்க ஆள் வேண்டுமென்றால் பாஸ்டர் அம்மா என்னைத்தான் எழுப்புவார்கள். விசுவாசத்தில் நான் முற்றினவள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருடப் பிறப்பு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், கர்த்தர் எதிரியை நம் கையில் கொடுப்பதாக ஒரு வேத வசனம் வந்திருந்தது. எழுத்துக்கூட்டி நானே படித்தேன். எஸ்தர் அடிபட்டு வந்த அன்றே, அது ரவியைத்தான் சொல்கிறது என்று முடிவு கட்டினேன். வெள்ளிக்கிழமை தோறும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தேன். "அவன் கை அழுகணும் ஆண்டவரே, அவன என் கையில குடும்." இதுதான் என் ஜெபம். எஸ்தர் ஆமென் சொல்ல மாட்டாள். "ஒனக்கு விசுவாசம் பத்தாதுடி" என்று திட்டுவேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு அவன் மார்க்கெட்டுக்கே வந்தான். எஸ்தர் ஒற்றைக் கையால் எனக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏ கெழவி, எம் பொண்டாட்டிய அனுப்புறியா, இல்ல கடையோட கொளுத்தவா?"

பக்கத்துக் கடைச் செல்வி, "இன்னா மாப்ள, காலையிலயே ஊத்திக்கினியா? வஞ்சிரம் வாங்க வந்தியா, வம்பு வாங்க வந்தியா?" என்றாள்.

அவன் கடைக்குள் பாய்ந்தான். எஸ்தரின் முடியைப் பிடித்து ஈரத் தரையில் இழுத்தான். உடைந்த கை மேலேயே மிதித்தான். மாவுக்கட்டு நொறுங்கின சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி மிதிக்கக் கால் தூக்கினவன், மீன் செதிலில் வழுக்கி மல்லாந்தான். அவன் தலை என் வெட்டுக்கட்டை மேல் வந்து விழுந்தது.

ஆண்டவர் கொடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். இடது கையால் சட்டையைப் பிடித்து அழுத்தினேன். வலது கையில் பெரிய மீன் வெட்டுகிற கத்தி. ஓங்கிவிட்டேன்.

"யக்கா, வாணாங்க்கா" என்று செல்வி கத்தினாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

கீழே கிடந்த எஸ்தர் என்னைக் கூப்பிடவில்லை. "ஏசுவே, எங்கம்மா கையப் புடியும்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

கத்தி இறங்கியது. அவன் காதை ஒட்டி, கட்டையில் இரண்டு விரற்கடை புதைந்து நின்றது. முப்பது வருடத்தில் என் வெட்டு தப்பினது கிடையாது. அன்று நான் அதைத் திருப்பவில்லை. மணிக்கட்டை யாரோ பிடித்துத் தள்ளின மாதிரி இருந்தது. யார் என்று எனக்குத் தெரியும்.

"அத்தே, வுட்டுடு அத்தே" என்று ரவி அழுதான். விட்டேன்.

முதல் பாயில் உட்கார்ந்துகொண்டு நான் கொலைக்கு ஜெபித்திருக்கிறேன். நான் திட்டின பிள்ளை, கை நொறுங்கிக் கிடந்தும் என் ஆத்துமாவுக்காகக் கேட்டாள். விசுவாசத்தில் இன்னும் பால்குடி மறக்காதவள் நான்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். மன்னிப்பு என்று சொல்லி மகளைத் திருப்பி அனுப்பவில்லை. அன்றே போலீசில் எழுதிக் கொடுத்தோம். நான் கத்தி ஓங்கினதையும் மறைக்கவில்லை. வழக்கு நடக்கிறது. எஸ்தர் என்னோடுதான் இருக்கிறாள். கை கூடிவிட்டது. பழைய பலம் இல்லை.

அவனுக்காக ஜெபிக்க உட்கார்ந்த முதல் நாள், பல்லைத்தான் கடித்தேன். பெயர் வாயில் வருவதற்கே ஒரு மாதம் ஆனது. இப்போது, அவன் குடியை விட வேண்டும், அவனும் இரட்சிக்கப்பட வேண்டும் என்று கேட்கிறேன். சில நாள் மனதாரக் கேட்கிறேன். சில நாள் வாய் மட்டும்தான் கேட்கிறது. இந்த வயதில் வளரத் தொடங்கியிருக்கிறேன். அதற்கே அவருக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவன் இருந்தால், அவன் விழ வேண்டும் என்று உபவாசம் இருக்காதீர்கள். முதலில் உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். பிடிப்பார். என்னுடையதைப் போல முரட்டுக் கையையே பிடித்தார்.