எட்டுத் தறிகளுக்கு நடுவில் ஒரு மைக்

வானொலி நிலையத்துக்கு நான் அனுப்பிய கேசட் திரும்பி வந்தது. நாடகத்துக்குக் குரல் வேண்டும், வசனம் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம் என்று அறிவித்திருந்தார்கள். கூட வந்த சீட்டில், ‘இரைச்சலில் குரல் கேட்கவில்லை. மாத முடிவுக்குள் மறுபடி அனுப்பலாம்’ என்று இருந்தது. எனக்கு வந்ததே கோபம். குரல் நன்றாக இல்லை என்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கேட்கவே இல்லையாம்.

எப்படிக் கேட்கும்? சோமனூரில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டு விசைத்தறி. ஆர்டர் நெருக்கிய மாதம், ஞாயிற்றுக்கிழமைகூட நிறுத்தவில்லை. கரண்ட் போனால் தறி நிற்கும். எங்கள் டேப் ரெக்கார்டரும் கூடவே நிற்கும். “பேசாம ஊட்டு வேலயப் பாரு அம்மணி. நாடகமெல்லாம் நமக்கெதுக்கு?” என்றார் அந்தத் தறிகளை ஓட்டும் என் வீட்டுக்காரர். அந்தப் பேச்சுக்காகவே மறுநாள் அவரையும் இழுத்துக்கொண்டு மைக் வாங்கக் கோவைக்குப் பஸ் ஏறினேன்.

“நல்லா இழுக்கற மைக்கா குடுங்க” என்று கடையில் கேட்டது நான்தான். தறியை மீறி என் குரலை இழுக்க வேண்டாமா? கடைக்காரர் விலை கூடின ஒன்றைக் காட்டினார். பேசிப் பதிந்து போட்டுக் கேட்டால், ரோட்டில் போன ஆட்டோ, தலைக்கு மேல் ஃபேன், எதிர் டீக்கடைச் சண்டை வரைக்கும் சுத்தமாக விழுந்திருந்தது. அடக் கடவுளே, இது எட்டுத் தறியையும் அல்லவா சேர்த்து இழுக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

“ஏனுங்க, காது மந்தமான மைக் ஏதாச்சும் இருக்குதுங்களா?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “இருக்குதுங்க. மீட்டிங்ல பேசறவங்க வாங்கறதுங்க. வாயோட ஒட்டி வெச்சாத்தான் எடுக்கும்.” விலை பாதிகூட இல்லை. அதே இடத்தில் நின்று பேசிப் பார்த்தேன். ஆட்டோவும் இல்லை, ஃபேனும் இல்லை. அதையே வாங்கினேன்.

வீட்டில் பதிந்தபோது குரல் கரகரவென்று உடைந்தது. தப்பு மைக்கிடம் இல்லை. தறிக்காரர் வீட்டில் உப்பை எடு என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்வோம். அதே தொண்டையில் காதல் வசனமும் பேசியிருந்தேன். ஸ்பீக்கரில் காதை ஒட்டிக் கேட்ட வீட்டுக்காரர், “காதலனைக் கூப்புடறயா, கறிக்கடைக்காரனைக் கூப்புடறயா?” என்று கேட்டுவிட்டுத் தறி ஓட்டப் போய்விட்டார்.

மறுபடி மைக்கை உதட்டோடு வைத்து மெல்லப் பேசினேன். அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பயமாகத்தான் இருந்தது. நெஞ்சில் கை வைத்து, அதிர்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பேசி முடித்து, தபாலில் சேர்த்தேன்.

நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. இருவரும் போனோம். “எந்த ஸ்டுடியோவுலங்க பதிஞ்சீங்க?” என்றார் அதிகாரி.

“ஊட்டுலதானுங்க. பக்கத்துல எட்டுத் தறி ஓடீட்டு இருந்துச்சுங்க.”

அவர் நம்பவில்லை. “தறி ஓட்டுனதே நானுங்க” என்று வீட்டுக்காரர் முந்திக்கொண்டு சாட்சி சொன்னார். அதிகாரி கேசட்டை மறுபடி ஓடவிட்டு, சத்தத்தை முழுக்கக் கூட்டி, கண்ணை மூடிக்கொண்டு தறியைத் தேடினார். அந்த அறை முழுக்க என் குரல்தான் இருந்தது.

“தறியக் காணமுங்க” என்றார் கடைசியில். “திங்கக்கிழமை ஒத்திகைக்கு வந்துருங்க.”