ராடு ஸ்டோராக மாறியிருந்த பெண்கள் அறை

தொங்கிய லோடைக் கீழே இறக்கி வைத்த பிறகுதான் எனக்குக் கண் இருட்டியது. கும்மிடிப்பூண்டியில் ஒரு ஸ்டீல் கம்பெனியில் கிரேன் ஆபரேட்டராகச் சேர்ந்த புதிது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்த ஷாப்பில், அதாவது வேலை நடக்கும் ஷெட்டில், கிரேன் ஏறிய முதல் பெண்ணும் நான்தான்.

மயக்கத்துக்குக் காரணம் உயரம் இல்லை, தண்ணீர் குடிக்காதது. பெண்களுக்கான டாய்லெட் மெயின் கேட் பக்கம் இருந்தது. ஏணி இறங்கிப் போய் வருவதற்குள் வேலை நின்றுவிடும், திட்டு விழும். அதனால் காலை நாஷ்டாவோடு தண்ணீரை நிறுத்திவிடுவேன். ஷாப்பில் இருந்த இன்னொரு பெண், கிரைண்டிங் செக்‌ஷன் ஸ்டெல்லா அக்காவும் அப்படித்தான்.

சூப்பர்வைசர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "இன்னாத்துக்குமா உனக்கு இந்தப் பேஜாரு? ஆபீஸ்ல உக்காந்துக்கினு பில்லு போடு. கிரேனுக்கு வேற ஆளு பாத்துக்கறேன்" என்று கரிசனமாகச் சொன்னார். படித்து, டிரெயினிங் முடித்து வாங்கிய வேலை கைவிட்டுப் போகப் போகிறது என்று புரிந்தது.

சாயங்காலம் ரயிலில் ஸ்டெல்லா அக்கா ஒன்று சொன்னார். ஷாப்புக்குள்ளேயே பெண்களுக்கு டாய்லெட்டோடு ஓர் அறை இருந்ததாம். அவர் சேர்ந்த காலத்தில் பெண்கள் வேலையை நிறுத்தி, கேட்டில் உட்கார்ந்து வாங்கியது. பிறகு ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போக, அறை வெல்டிங் ராடு ஸ்டோர் ஆகிவிட்டது.

"அப்ப ஏன்க்கா நீ கேக்கல?"

"ஒண்டியா இன்னாடி கேக்கறது? இப்பதான் ரெண்டு பேரு கீறோமே."

மறுநாள் இருவரும் மேனேஜரிடம் போனோம். ரெண்டு பேருக்கு ஒரு ரூமா என்று சூப்பர்வைசர் இழுத்தார். அக்கா விடவில்லை. "ராடுக்கு ரூமு குட்த்துக்கீறீங்களே சார், அது இன்னா ஒண்ணுக்கா போவுது?"

மேனேஜருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வாரமே அறை காலியானது. நான் கிரேன் வேலையிலேயே நீடித்தேன்.

இப்போது ஷாப்பில் நிறையப் பெண்கள். போன பொங்கல் லீவு முடிந்து வந்தபோது, அறையில் மறுபடியும் ராடு டப்பாக்கள். ரெண்டு நாளைக்குத்தான் என்றார் அதே சூப்பர்வைசர். நான் கேபினிலிருந்து இறங்கி வருவதற்குள், புதிதாகச் சேர்ந்த பெண்களே டப்பாக்களைத் தூக்கி அவர் மேஜையைச் சுற்றி அடுக்கியிருந்தார்கள். அவரால் நாற்காலிக்குப் போக முடியவில்லை.

பெண்கள் வாங்கிய உரிமை நிலைத்துவிட்டதா என்றால், கேட்க ஆள் இருக்கும் வரை நிற்கும் என்பேன். அன்று என்னை யாரும் கூப்பிடக்கூட இல்லை. அதுதான் எனக்குச் சந்தோஷம்.