ஒரே உயரத்தில் இரண்டு பகையாளிகள்

சபையில் தொண்டர் அணி எப்படி இருக்கவேண்டும் என்று யாராவது மைக் பிடித்தால் நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன். தாழ்மை, பொறுமை, ஒருமனம் என்று அடுக்குவார்கள். அடுக்குகிறவர் ஒருநாளாவது கறிக்குழம்பு அண்டாவைத் தூக்கியிருக்க மாட்டார்.

திருவொற்றியூரில் எங்கள் சபையின் ஆண்டு விழா அன்று அசனம் உண்டு. ஆராதனை முடிந்ததும் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. சமையல் நடப்பது ரோட்டுக்கு அந்தப்பக்கம். வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்துதான் அண்டா வரவேண்டும். அண்டாவின் காதுகளில் கயிறு கட்டி, மூங்கிலை நுழைத்து, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தூக்குவார்கள். இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும், இல்லையென்றால் குழம்பு குள்ளமானவன் பக்கம் சாயும். ஒருமுறை நான் தூக்கினேன். என் முதுகில் பட்டதை வைத்து ஒரு பந்தி பரிமாறியிருக்கலாம்.

சபையிலேயே சரிசமமான உயரம் உள்ளவர்கள் இரண்டே பேர். ஒருவர் இந்த ஊர்க்காரர், படகு இன்ஜின் மெக்கானிக். மற்றவர் திருநெல்வேலியிலிருந்து வந்து மளிகைக் கடை வைத்தவர். கமிட்டித் தேர்தலில் மோதிக்கொண்டதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போன வருட அசனத்தில் கைகலப்பு வரை போய்விட்டார்கள். இந்த வருடம் காம்பவுண்டுக்குள் ஒரு சத்தம் கேட்டாலும் இனிமேல் அசனமே கிடையாது, வீட்டுக்கு ஒரு பார்சல்தான் என்று பாஸ்டர் பீடத்திலிருந்தே சொல்லிவிட்டார். இருவருக்கும் சோறு இறங்கவில்லை. ஒருவரையொருவர் வெறுத்தாலும் அசனத்தின்மேல் இருவருக்கும் உயிர்.

அதனால் கமிட்டிக்காரர்கள் என் சட்டையில் 'ஒருங்கிணைப்பாளர்' என்று ஒரு அட்டையைக் குத்தினார்கள். வேலை, ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. வாய் நீளம் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

விழா அன்று அண்டா கிளம்பியது. "அந்தாளாண்ட சொல்லு நைனா, ஆட்டாம வரச்சொல்லு," என்றார் முன்னால் இருந்த மெக்கானிக். நான் பின்னால் ஓடிச் சொன்னேன். "அவன மொதல்ல நேரா நடக்கச் சொல்லும்வே," என்றார் கடைக்காரர். முன்னால் ஓடினேன். தோள் மாற்றவேண்டும் என்பதைக்கூட என் வழியாகத்தான் கேட்டார்கள். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அமுக்கி எங்கள் வம்சத்தையே விசாரித்தான்.

ஒருவழியாகப் பந்தி வாசலுக்கு வந்து சேர்ந்தோம். உள்ளே இலையில் வெறும் சோறு ஆறிக்கொண்டிருந்தது. இறக்கவேண்டியதுதான் பாக்கி. யார் முதலில் குனிவது? முன்னவர் குனியட்டும் என்றார் பின்னவர். பின்னவர் குனியட்டும் என்றார் முன்னவர். இருவருக்கும் நடுவே ஓடி ஓடி மூச்சு வாங்கிய எனக்கு என்ன ஆனதோ, காம்பவுண்டே அதிரக் கத்திவிட்டேன். "நீங்கல்லாம் மனுசங்களாய்யா? எறக்குறதுன்னா எறக்குங்க, இல்லன்னா ரெண்டு பேரும் அதுக்குள்ளயே வுழுந்து சாவுங்க!"

பாஸ்டர் வெளியே வந்தார். பார்சல் என்ற வார்த்தை அவர் உதட்டில் தயாராக இருந்தது. யார் சண்டை போட்டது என்று கேட்டார்.

இருவரும் சத்தமில்லாமல், ஒரே நேரத்தில் குனிந்து அண்டாவை இறக்கினார்கள்.

"சண்டையா? எங்களுக்குள்ள ஒன்னியும் இல்ல பாஸ்டர். இவுருதான் நடுவுல பூந்து பேஜார் பண்ணிகினு கீறாரு," என்றார் மெக்கானிக்.

"இவரு எங்க தொண்டர் கூட்டமே கெடையாது பாஸ்டர். சாப்பிட வந்தவரு. பசி, அதான் கத்துதாரு," என்றார் கடைக்காரர்.

சொல்லிக்கொண்டே என் சட்டையிலிருந்த அட்டையைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். பாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பசித்தவரை முதலில் உட்கார வையுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அசனம் பிழைத்தது.

முதல் பந்தியில் உட்கார்ந்தேன். மெக்கானிக் வாளியோடு வந்து என் சோற்றில் வெறும் குழம்பை ஊற்றினார். பின்னாலேயே கறித்துண்டுகளோடு கடைக்காரர் வந்தார்.

"இந்த எலைக்கு கறி போடாத," என்றார் மெக்கானிக், அவர் முகத்தைப் பார்த்தே.

"அது எனக்குத் தெரியாதா, நீ முன்னால நடடே," என்றார் கடைக்காரர்.