பூலாம்பாடி அன்பர்

இப்பயணத்தை எழுதியே ஆகவேண்டும் என்பதற்குக் காரணம் பயணம் அன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அரியலூரில் தனியார் கல்லூரி ஒன்றில் தமிழ் பயிற்றினேன். அவ்வூரில் நாங்கள் தொடங்கிய சிறு தமிழ் மன்றத்தின் செயலாளனாகவும் இருந்தேன். அக்காலத்தில் வாலிகண்டபுரத்தைச் சேர்ந்த கலியமூர்த்தி என்னும் உறுப்பினரை, காவல்துறைக்கு ஒற்றுச் சொன்னார் எனக் கருதி மன்றத்தினின்று நீக்கினேன். வாயால் சொன்னதோடு நில்லாமல் அதை எழுதிப் படியெடுத்து எல்லார்க்கும் அஞ்சலில் விடுத்தேன். எழுத்தால் செய்ததை எழுத்தால்தான் மாற்ற இயலும்.

நடந்ததைச் சுருங்கச் சொல்கிறேன். தொடர்வண்டி நிலையப் பெயர்ப்பலகையின் இந்தி எழுத்தின்மேல் தார் பூசுவதென, அரிசி ஆலை ஒன்றின் மாடியறையில் எழுவர் கூடி முடிவெடுத்தோம். ‘பலகைக்கு நீராட்டு’ என்று அதற்கு நான் பெயரிட்டேன். ஞாயிறு விடியலில் நிலையத்தை அடைந்தபோது காவலர்கள் எங்களுக்கு முன்பே வந்து அமர்ந்திருந்தனர். ஆய்வாளர் என்னைப் பார்த்து, “வாங்க வாத்தியாரே, நீராட்டு எப்ப ஆரம்பிக்கிறீங்க?” என்றார். பள்ளியாசிரியர் இருவர் வேலையிழந்தனர். என் கல்லூரி என்னைக் கடிந்ததோடு விட்டது. எழுவருள் அன்று வராதவர் கலியமூர்த்தி ஒருவரே. மகளுக்குக் காய்ச்சல் என்றார். அவர் வட்டாட்சியர் அலுவலகத் தட்டச்சர், அரசு ஊழியர். தேநீர்க்கடையில் காவலர் ஒருவரோடு அவர் பேசியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நான் வாதிட்டேன். நான் வகுத்த ஏரணத்தில் அவையினர் எவரும் குறை காணவில்லை.

பணி ஓய்வுக்குப் பின் அரசின் உளவுப் பிரிவுகள் தோன்றிய வரலாற்றையும் அவை இயங்கும் முறையையும் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். ஆராய்ச்சி என்றே பிறரிடம் சொல்லி வந்தேன். உண்மையில் நான் அறிய விரும்பியது ஒன்றைத்தான்: ‘நீராட்டு’ என்னும் அந்தச் சொல்லைக் காவலரிடம் கொண்டு சேர்த்தவர் யார்?

தை மாத இறுதி வாரம், புதன்கிழமை, காலை 6.20. திருச்சிராப்பள்ளியிலிருந்து இலால்குடி, புள்ளம்பாடி, கீழப்பழுவூர் வழியாக அரியலூர் செல்லும் பேருந்தில் ஏறினேன். ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். கட்டணம் அறுபது ரூபாய். வழியெல்லாம் என் குறிப்பேட்டைப் புரட்டினேன். மன்னர் காலத்தில் துறவியர் கோலத்திலும் வணிகர் கோலத்திலும் ஒற்றர் திரிந்தனர். ஆங்கிலேயர் அத்தொழிலை அலுவலகமாக்கினர். மேடைப் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுக்கக் காவலரைப் பழக்கினர். நாட்டுக்கு விடுதலை வந்தது, ஆளுவோர் மாறினர், படிவங்கள் மாறவில்லை. பழைய கோப்புகளை ஆவணக் காப்பகத்தில் படிக்கலாம். நம் காலத்துக் கோப்புகள் எளிதில் கிட்டுவதில்லை. ஆகவே அவற்றை எழுதிய மனிதரைத் தேடிப் போகவேண்டும். அப்படி ஒருவரின் முகவரியை என் பழைய மாணவர் ஒருவர் வாங்கித் தந்திருந்தார்.

கீழப்பழுவூரைத் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் ஏற்றிய சரக்குந்துகள் வரிசையாக எதிர்ப்பட்டன. சாலையோர வேம்புகளின் இலைகள் சாம்பல் பூத்து நின்றன.

காலை 8.45. அரியலூர்ப் பேருந்து நிலையத்தில் தானி (ஆட்டோ) ஓட்டுநரிடம், காவல்துறையில் இருந்த தங்கராசு வீடு என்று சொல்லி முகவரித் தாளை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

“போலீஸ் தங்கராசு வூடுன்னா நாலு வூடு இருக்கு சார். எந்தத் தங்கராசு?”

“உளவுப் பிரிவில் பணியாற்றியவர்.”

“அடடே, மப்டி தங்கராசா? மொதல்லயே சொல்லக் கூடாதா? ஊருக்கே தெரியும், ஏறுங்க. அம்பது ரூவா.”

தங்கராசு என்பது அவர் பெயரன்று. அவர் கேட்டுக்கொண்டபடி மாற்றியிருக்கிறேன். எழுபத்தெட்டு வயது, உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயால் இடக்கால் விரல்கள் இரண்டை இழந்திருந்தார். வாயிலுக்கு வந்து என் கையைப் பற்றி அழைத்துச் சென்றார்.

“வாங்க சார், உக்காருங்க. நீங்க எளச்சுப் போயிட்டீங்க. அப்பெல்லாம் ஜிப்பா போட்டுக்கிட்டு சைக்கிள்ல போவீங்க, பின்னாடி கேரியர்ல ஒரு கட்டுப் புஸ்தகம்.”

என்னை அவருக்குத் தெரிந்திருந்தது. அவரை நான் கண்டதாக எனக்கு நினைவில்லை.

தொழிலைப் பற்றிக் கேட்டேன், தடையின்றிச் சொன்னார். “ஒற்றன்னா ராத்திரில செவுரு ஏறிக் குதிக்கிறவன்னு நெனச்சிருப்பீங்க. எங்க வேல பூரா நோட்டீஸ் பொறுக்கறதுதான். செவுத்துல என்ன ஒட்டிருக்கான், யாரு கல்யாணத்துக்கு யாரு வந்தான், டீக்கடைல எவன் சத்தமாப் பேசுறான். பாதிக்கு மேல தெறந்துதான் கெடக்கும் சார். காலைல போன்ல திருச்சிக்குச் சொல்லணும், அவங்க மெட்ராசுக்குச் சொல்லுவாங்க. அப்ப நமக்கு மாவட்டம் திருச்சிதானே.”

“செய்தி ஒன்றும் இல்லாத நாளில்?”

“இல்லன்னு சொன்னா, அப்பறம் நீ எதுக்குடா அங்கன்னு கேப்பான். அதனால எப்பவும் எதாவது இருக்கும்.” சிரித்தார். “உங்க மன்றம் எவ்வளவு நாளு எனக்குச் சோறு போட்டுச்சு தெரியுமா?”

ஆள் வைத்துச் செய்தி பெறுவதைப் பற்றிக் கேட்டேன். செய்தி தருபவரின் பெயரை எழுதுவதில்லை, எண் மட்டுமே என்றார். ஒருவர் சொன்னதை மட்டும் நம்பி மேலே அனுப்பினால் வசை விழும். வேறு வாயில் கேட்டு ஒத்துப் பார்க்கவேண்டும் என்றார். அதன்பின் என் கேள்வியைக் கேட்டேன். எழுவர் மட்டுமே கேட்ட ‘நீராட்டு’ என்னும் சொல் ஆய்வாளர் வாய்க்கு எப்படிப் போயிற்று?

தங்கராசு தேநீரைக் கீழே வைத்தார்.

“பூலாம்பாடிக்கு மாசாமாசம் மன்றக் குறிப்பு அனுப்புவீங்களே, ஞாபகம் இருக்கா சார்?”

இருந்தது. எங்கள் மன்றத்துக்குத் தொலைவிலிருந்து வாய்த்த ஒரே அன்பர் அவ்வூர்க்காரர். தாம் ஓர் எளிய உழவர், தமிழ்மேல் பற்று, மன்ற நிகழ்ச்சிகளை அறிய அவா என்று ஊதா மையில் எழுதியிருந்தார். நான் மகிழ்ந்து போனேன். வந்தவர் பெயர், பேசியவர் பெயர், பேசிய பொருள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் எழுதிய குறிப்புகளை மூன்றாண்டு அனுப்பினேன். அவருடைய மடல்களில் இருந்த பிழைகளையும் திருத்தித் திருப்பி அனுப்புவேன்.

“அது எங்க அக்கா வூட்டு அட்ரஸ் சார். எழுதுனது நான்தான்.”

குறிப்பேட்டை மூடினேன்.

“வல்லினம் எங்க மிகும், எங்க மிகாதுன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. அதுக்கப்பறம் என் ரிப்போர்ட்டுல பிழையே வராது, பெரிய ஆபீசர் கூடக் கேட்டாரு, எங்கய்யா படிச்சன்னு. மன்றத்துப் பணி எதுலயாவது சேத்துக்குங்கன்னு எழுதிக் கேட்டேன். வர்ற ஞாயித்துக்கெழம விடிகாலைல பலகைக்கு நீராட்டு, முடிஞ்சா வருகன்னு நீங்க பதில் போட்டீங்க. அந்த வார்த்தைய அப்படியே தூக்கி வெச்சேன். நல்லா இருந்துச்சு சார், அதான்.”

அம்மடலை எழுதியது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. நானே ஆக்கிய சொற்றொடர். ஒருவருக்கேனும் எழுதிக் காட்டாமல் இருக்க இயலவில்லை.

“கலியமூர்த்தி?” என்றேன்.

“டைப்பிஸ்ட்டா? பாவம் அவரு. எங்களப் பாத்தாலே சைக்கிள எறங்கித் தள்ளிக்கிட்டுப் போவாரு. ஒரு நாளு டீக்கடைல ஏதோ கேட்டாரு, டாக்டரு வூடோ என்னவோ, ஞாபகம் இல்ல. அவர நீக்குனதயும் எழுதி எனக்கு அனுப்பி வெச்சீங்களே சார். படிச்சிட்டு ரெண்டு நாளு சோறு எறங்கல. எங்க ஏட்டய்யா சொன்னாரு, நல்லதாப் போச்சுடா, இனி உன்ன எவனும் தேட மாட்டான்னு.” பிறகு, “நாங்களே ஒருத்தன் பேச்ச வெச்சு எழுத மாட்டோம். நீங்க ஒரே கூட்டத்துல முடிச்சிட்டீங்களே சார்” என்றார்.

ஏளனமாகச் சொல்லவில்லை, தொழில் தெரிந்தவர் தெரியாதவரைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னார். கலியமூர்த்தி இருக்கிறாரா என்று கேட்டார். மூன்றாண்டுக்கு முன் மறைந்தார் என்றேன். சாவுச் செய்தி எனக்கு வந்தது, நான் போகவில்லை.

பகல் 12.10. பெரம்பலூர்ப் பேருந்து, முப்பது கிலோமீட்டர், கட்டணம் இருபத்தெட்டு ரூபாய். பக்கத்தில் அமர்ந்தவர் அரியலூரில் மகளைப் பார்த்துவிட்டு வருவதாகத் தொடங்கி, மருமகனின் குடிப்பழக்கம் வரை சொல்லிவிட்டு, “ஐயாவுக்கு இங்க என்ன சோலி?” என்றார். பழைய நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். சொல்லிய பிறகே வாலிகண்டபுரத்துக்குப் போகவேண்டும் என்பது எனக்குத் தெளிவாயிற்று.

ஆயினும் பெரம்பலூரில் இறங்கியபோது திருச்சிராப்பள்ளிப் பேருந்து புறப்பட நின்றது. நடத்துநர், “ஏறுங்க ஐயா, சன்னலோரம் சீட்டு இருக்கு” என்றார். படியில் ஒரு காலை வைத்தும் விட்டேன். பாடாலூர் வழியே ஒன்றரை மணி நேரத்தில் வீடு. “ஏறுறதுன்னா ஏறுங்க, நிக்கிறதுன்னா நில்லுங்க” என்றார் அவர். நின்றேன்.

பிற்பகல் 3.05. நகரப் பேருந்து என்னை வாலிகண்டபுரத்தில் இறக்கியது. கட்டணம் பத்து ரூபாய். கோயில் கோபுரத்தின் நிழல் அப்போதுதான் சாயத் தொடங்கியிருந்தது. பெட்டிக்கடைக்காரரிடம் கலியமூர்த்தியின் வீட்டைக் கேட்டேன்.

“டைப்பிஸ்ட்டா? அவரு தவறிட்டாருங்களே. அந்தம்மா சர்வீஸ் ரோட்டுல சோளம் காய வெச்சிருக்கும், பாருங்க.”

நெடுஞ்சாலையை ஒட்டிய சாலையில் பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் பரப்பியிருந்தது. கலியமூர்த்தியின் மனைவி தனக்கோடி அம்மாள் வெறுங்காலால் அதைக் கோதிவிட்டபடி நடந்துகொண்டிருந்தார். அவரை மணக்கோலத்தில் ஒருமுறை கண்டது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அரியலூரு வாத்தியாரா?”

“ஆம், அம்மா.”

“எழவுக்கு வரல. இப்ப வந்திருக்கீங்க.”

தங்கராசு சொன்ன அனைத்தையும் சொன்னேன். பூலாம்பாடி மடல்களையும் என் மறுமொழியையும் மறைக்கவில்லை. அவர் நடப்பதை நிறுத்தவில்லை. சாலையின் அந்த முனைவரை போவார், திரும்புவார். நான் பக்கத்தில் நடந்தபடி சொல்லி முடித்தேன். இடையில் ஓர் ஆடு வாய் வைத்தது. அதை விரட்டிவிட்டு வந்தார்.

“எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. அன்னைக்குப் புள்ளைக்கு வலிப்பு கண்டு, விடிய விடிய மடியில போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தது நானும் அவரும்தான்.” பிறகு, “உங்க ஆளுங்க எல்லாரும் இருக்காங்களா?” என்று கேட்டார்.

எழுவரில் அவரோடு ஐவர் மறைந்தனர், இன்னொருவருக்கு நினைவு தப்பிவிட்டது என்றேன்.

“அப்பக் கேக்க ஆளில்லாதப்ப வந்திருக்கீங்க.”

கலியமூர்த்தி பின்னாளில் எப்படி இருந்தார் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நல்லாத்தான் இருந்தாரு. மாத்தல் வாங்கிக்கிட்டு பெரம்பலூருக்கு வந்துட்டாரு. ஆனா எங்கயாவது ரெண்டு பேரு நின்னு பேசுனா அந்தப் பக்கமே போவ மாட்டாரு. ஒட்டுக் கேக்கறான்னு நெனப்பாங்களாம். பொண்ணுக்குச் சம்பந்தம் பேச வந்தாங்க, எல்லாரும் உள்ள ஒக்காந்திருக்காங்க, பொண்ணப் பெத்தவரு தெருவுல நிக்கிறாரு. உள்ள வாங்கன்னா, நீங்க பேசி முடிங்க, நான் எதுக்குன்னாரு. சம்பந்தி வூட்டுக்காரங்க, இவருக்குப் புடிக்கல போலன்னு எழுந்திரிச்சிட்டாங்க. எங்கண்ணன்தான் சமாதானம் பண்ணாரு.”

மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அச்சொல்லை அவர் கையில் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

“எழுதிப் போடுங்க,” என்றார். “அன்னைக்கு எழுதிப் போட்டீங்கல்ல, அதே மாதிரி. பேரப் போட்டு, ஊரப் போட்டு. அந்தப் போலீசு பேரையும் போடுவீங்களா?”

“மாற்றி எழுதுவதாகச் சொல்லிவிட்டேன், அம்மா.”

“ம். அவருக்கு அது உண்டு.”

மாலை 5.00. சாக்குகளில் சோளத்தை அள்ளத் தொடங்கினார். நானும் குனிந்து அள்ளினேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. புறப்படும்போது, அன்று அவையில் நான் கலியமூர்த்தியை ‘ஐயத்திற்கு இடமானவர்’ என்று மட்டுமே குறித்தேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. என் பங்கைச் சிறிது குறைத்துக்கொள்ள எண்ணியிருப்பேன். அவர் சாக்கின் வாயைப் பிடித்தபடி நிமிர்ந்தார்.

“காட்டிக் குடுத்தவன்னு சொன்னீங்க. அவர நிக்க வெச்சு, மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்க. அன்னைக்கே வூட்டுக்கு வந்து எங்கிட்டச் சொன்னாரு.”

“எனக்கு அப்படி நினைவில்லை, அம்மா.”

“அப்ப அவரு பொய் சொன்னாரா?”

இல்லை என்று என்னால் உடனே சொல்ல முடியவில்லை. அந்த இடைவெளியில் பேருந்து வந்துவிட்டது.

வாலிகண்டபுரம் கலியமூர்த்தி எவரையும் காட்டிக் கொடுத்தவர் அல்லர். நாங்கள் பிடிபட்டது என் மடலால். இதை என் பெயராலும் மன்றத்தின் பெயராலும் எழுதுகிறேன். தொலைவிலும் கட்டணத்திலும் பிழை கண்டவர்கள் திருத்துக. அவற்றினும் பெரிய பிழை ஒன்று இதில் இருக்கக்கூடும். அதைத் திருத்த என்னால் ஆகவில்லை. நீக்கத்தை அறிவித்த அந்த மாதத்துக் குறிப்பு என்னிடம் இல்லை. பூலாம்பாடிக்குச் சென்ற படியோ கோப்போடு எரிக்கப்பட்டிருக்கும் என்கிறார் தங்கராசு. மன்ற உறுப்பினரின் பிள்ளைகள் எவரிடமேனும் அத்தாள் இருக்குமாயின், அதில் நான் எழுதியிருப்பது எச்சொல் என்று பார்த்துச் சொல்லுக. தனக்கோடி அம்மாள் சொன்னதே அதில் இருப்பின், முதலில் வாலிகண்டபுரத்துக்கு எழுதுக. எனக்கு அதன்பின் எழுதினால் போதும்.