அப்பாவின் செவ்வாய்க்கிழமை வாசனை

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா வீடு திரும்பினால் கூடவே ஒரு வாசனையும் வரும். நனைந்த பாறை, பாசி, கொஞ்சம் காட்டு இலை... முப்பத்து மூன்று வருஷம் மசியும் கோந்தும் மூக்குப்பொடியுமாக மணந்த மனுஷர்!

1955. திருவனந்தபுரம், வலியசாலை. அப்பா சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆகி எட்டு மாசம். அவர் பென்சிலைக் கீழே வைத்த அன்று திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்ஜியமே ஸ்தம்பித்து நின்றது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். சரித்திரக்காரர்கள் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

ரிட்டையர் ஆனவர் சும்மா இருந்தாரா? ஒவ்வொரு செவ்வாயும் காலை பஸ்ஸில் வித்துரா போவார். யாரோ பழைய சினேகிதருடைய நிலப் பத்திரத்தைச் சரி பண்ணிக் கொடுக்கிறாராம்.

"எட்டு மாசமா ஒரு பத்திரமா?" என்றாள் அம்மா, என்னிடம். அவரிடம் கேட்கவில்லை. அவர் துண்டை மட்டும் எடுத்து முகர்ந்து பார்ப்பாள். ஸ்காட்லாந்து யார்டு போலீஸில் இருக்கவேண்டிய மூக்கு, எங்கள் அடுக்களையில் இருந்தது.

எதிர்வீட்டு மாமிக்கோ சந்தேகமே இல்லை. தீர்ப்பே வழங்கிவிட்டாள். "அங்கே ஒரு சம்பந்தம் இருக்கும், கேட்டியோ." அந்த ஊரில், அந்தக் காலத்தில், அதற்கு ஒரே அர்த்தம்தான். அக்ரஹாரத்துக்குத் தெரியாமல் இன்னொரு குடித்தனம்.

அம்மா பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். திருநெல்வேலியில் அவள் தம்பி இருந்தார். கிளம்பத் தயார் என்று அர்த்தம்.

"நீ போய்ப் பார்த்துண்டு வா" என்றாள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. வேலையில் சேர்ந்து ஆறு மாசம். வயிற்றுவலி என்று casual leave எழுதிக் கொடுத்தேன். பொய்யில்லை.

பஸ்ஸில் கடைசி சீட். முகத்துக்கு நேரே பேப்பர். ஒரே டெண்டர் நோட்டீஸை நானூறு தடவை படித்தேன். இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்லுவேன், வேண்டுமென்றால் கேளுங்கள்.

வித்துராவில் இறங்கிய அப்பா விசிலடித்துக்கொண்டே நடந்தார். விசில்! வீட்டில் தும்முவதற்கே நேரம் பார்க்கிறவர். என் சந்தேகம் பொன்முடி மலை உயரத்துக்கு எழுந்துவிட்டது.

வாழைத்தோப்புக்கு நடுவே ஒரு ஓட்டு வீடு. கதவைத் திறந்தது ஒரு பெண்பிள்ளை. சிரித்தாள். எண்ணெய்க் கிண்ணத்தையும் ஒரு தோர்த்துத் துண்டையும் அப்பா கையில் கொடுத்தாள்.

போச்சு... அம்மாவின் டிரங்குப் பெட்டி என் கண்ணுக்கு முன்னால் ரயிலேறியது.

அப்போது அவள் பின்னாலிருந்து அவள் புருஷன் வந்தான். பார்த்த முகம். அப்பாவின் ஆபீஸில் பியூனாக இருந்த கொச்சுராமன். இருபது வருஷம் அப்பா மணியடித்தால் ஓடி வந்தவன். அவனும் ரிட்டையர்டுதான். இருவரும் தோப்பைத் தாண்டி ஆற்றுக்குப் போனார்கள். நான் ஒரு பாறைக்குப் பின்னால்.

அப்பா தண்ணீரில் இறங்கினார்.

அப்பாவின் ஜாதகத்தில் ஜலகண்டம் என்று எழுதியிருந்தது. தண்ணீரால் உயிருக்கு ஆபத்து. அதனால் பிறந்ததிலிருந்து கிணற்றடியில் வாளிக் குளியல்தான். கோயில் குளத்தில் கால் நனைத்ததில்லை. சுவாமி கடலில் நீராடும் ஆறாட்டுக்கு சங்குமுகம் போனால் கடலுக்கு ஒரு பர்லாங் தள்ளி நிற்பார், அம்மா அவர் மேல்துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அந்த மனுஷர் இதோ, ஆள் முழுகும் ஆழத்தில் கையைக் காலை உதறிக்கொண்டிருக்கிறார்!

கரையில் நின்று கொச்சுராமன் அதட்டினான். "இது ஃபைல் அல்ல ஸாரே, அனங்ஙாதெ கிடக்கான். காலு அடிக்கு!" அசையாமல் கிடக்க இது ஃபைல் இல்லையாம், காலை அடிக்கணுமாம்.

ஹெட் கிளார்க் உடனே காலை அடித்தார். இருபது வருஷத்துக் கணக்கு அது, கொச்சுராமன் ஆனந்தமாகத் தீர்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அப்பா மல்லாந்தார். மிதந்தார். வயிறு மட்டும் வெளியே, சின்னத் தீவு மாதிரி. முகத்தில் ஒரு சிரிப்பு... எங்கள் வீட்டில் யாரும் பார்த்திராத சிரிப்பு.

பாறையிலிருந்து என் கால் வழுக்கியது. பிடிபட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் நெடுமங்காடு தாண்டியதும் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு தடவை மிதந்து பார்க்கணும்னு சின்ன வயசிலேர்ந்து இருந்துதுடா. அம்மாட்ட சொன்னா விடமாட்டா."

உண்மைதான். இனி அம்மாவிடம் என்ன சொல்வது? இன்னொரு குடித்தனம் என்றால் அவள் போய்விடுவாள். ஆறு என்றால் அவரைப் போகவிடமாட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள்.

"யாரும் இல்லைம்மா. பழைய பியூன் வீடு..."

"அது இருக்கட்டும். ஜலம் எவ்வளவு?"

"எந்த ஜலம்?" என்றேன்.

"காதுக்குள்ள மணலோட வரார், எனக்குத் தெரியாதா? மாமி சொன்னதே நிஜமா இருக்கப்படாதான்னு வேண்டிண்டிருந்தேன். அங்கேர்ந்துன்னா மனுஷன் திரும்பி வந்துடுவார்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லு, எவ்வளவு?"

நண்பர்களே, ஓணானை முதலை என்று சொல்லி வளர்ந்தவன் நான். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் குறைத்துச் சொன்னேன்.

"முட்டுக்கால் அளவும்மா."

என்னையே பார்த்தாள். நம்பவில்லை. ஆனால் பெட்டி பரணுக்குத் திரும்பியது. அடுத்த செவ்வாய் அப்பாவின் பைக்குள் இன்னொரு உலர்ந்த துண்டும், சுக்குப்பொடிப் பொட்டலமும் இருந்தன. யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. செவ்வாய்தோறும் சாயங்கால பஸ் வரும்வரை அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

இப்போது நான் தொண்ணூறைத் தாண்டியாயிற்று. எங்கே போனாலும் என் ஃபோன் ஒரு புள்ளியாக மருமகள் ஃபோனில் நகர்கிறதாம். சந்தேகப்பட யாருக்கும் அவசியமே இல்லை.

போன புதன்கிழமை வேண்டுமென்றே ஃபோனை அணைத்துவிட்டு மூன்று மணி நேரம் மியூசியம் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். சட்டையில் இரண்டு காட்டு இலையைக்கூடக் கசக்கித் தேய்த்துக்கொண்டேன். மிடுக்காக வீட்டுக்குள் நுழைந்தேன்.

பேத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"சார்ஜ் போட மறந்துட்டேளா தாத்தா?"